மூளையின் முன்மடல் நம் பார்வையை எப்படி மாற்றுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லாத ஒருவர், தட்டின் இடப்பக்கம் இருக்கும் சோற்றைத் தொடாமலே சாப்பிட்டு எழுந்துவிடலாம். நூற்றுக்கணக்கான ஸ்கேன்களைப் படித்துப் பழகிய மருத்துவர், படத்தில் பெரிதாகத் தெரியும் ஒன்றைத் தவறவிடலாம். இரண்டிலும் கண்ணில் கோளாறு இல்லை. பார்வை என்பது மூளையின் பின்பக்கத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இவை நேரடிச் சான்றுகள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல் இதில் என்ன செய்கிறது என்பதுபற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே.

பார்ப்பது கண்ணும் மூளையின் பின்பகுதியும் செய்யும் வேலைதானே? முன்மடலுக்கு அங்கே என்ன வேலை?

விழித்திரையில் விழும் ஒளி மின்சமிக்ஞையாகி, மூளையின் நடுவில் தகவலைக் கைமாற்றிவிடும் தாலமஸ் வழியாகப் பிடரிப் பக்கம் இருக்கும் முதன்மைப் பார்வைப் புறணியை அடைகிறது. இதை வி1 என்பார்கள். அங்கிருந்து வி2, வி4 என்று அடுத்தடுத்த பகுதிகள் கோடு, நிறம், வடிவம், முகம் என்று பிரித்தெடுக்கின்றன. பள்ளிப் பாடம் இத்தோடு நின்றுவிடும். ஆனால் இந்தப் பகுதிகளுக்குக் கண்ணிலிருந்து மட்டும் தகவல் வருவதில்லை. முன்மடலிலிருந்தும் நரம்பிழைகள் அவற்றை நோக்கி இறங்குகின்றன.

இது ஏன் தேவைப்படுகிறது என்பதை உங்கள் கட்டைவிரலை வைத்தே பார்த்துவிடலாம். கையை முழுதாக நீட்டி விரலை உயர்த்துங்கள். நீங்கள் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம்தான். மீதி எல்லாம் மங்கல். ஆகவே அடுத்து எங்கே பார்ப்பது, மங்கலில் கிடப்பவற்றில் எதற்கு முன்னுரிமை தருவது என்று நொடிக்குச் சுமார் மூன்று முறை முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவில் முன்மடலுக்குப் பெரிய பங்கு உண்டு. முடிவெடுப்பதோடு அது நிற்பதில்லை, பார்வைப் பகுதிகளின் வேலையையே மாற்றுகிறது. இந்தப் பக்கம் முழுவதும் சொல்ல வருவது அந்த இரண்டாவது விஷயத்தைத்தான்.

முன்மடலில் குறிப்பாக எந்தெந்த இடங்கள்?

அதிகம் ஆராயப்பட்டது முன்மடல் விழிப்பகுதி. ஆய்வாளர்கள் எஃப்.இ.எஃப். என்று சுருக்கிச் சொல்வார்கள். மனிதர்களில் இது கை கால்களை இயக்கும் பட்டைக்கு முன்னால், இரண்டு மடிப்புப் பள்ளங்கள் சந்திக்கும் இடத்தை ஒட்டி இருக்கிறது. அதற்குக் கீழே, பக்கவாட்டில், கீழ் முன்மடல் சந்திப்பு. இன்ன பொருளைத் தேடு என்ற குறிப்பை வைத்திருக்கும் இடம் இது. முன்மடலின் மேற்பக்கவாட்டுப் பகுதி, செய்யும் வேலைக்கான விதியை நினைவில் நிறுத்தி, அனிச்சையாகத் திரும்பும் கண்ணை அடக்குகிறது. கண்குழிக்கு மேலே படிந்திருக்கும் பகுதி, பொருள் இன்னதாக இருக்கலாம் என்ற முதல் ஊகத்தோடு தொடர்புடையது.

கண்ணை அசைக்கும் பகுதி என்றால், அது தசைகளுக்குக் கட்டளை கொடுப்பதோடு சரி அல்லவா?

நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1870-களில் நரம்பியலாளர் டேவிட் ஃபெரியர் குரங்கின் முன்மடலை மின்னோட்டத்தால் தூண்டியபோது கண்கள் எதிர்ப்பக்கம் திரும்பின. 1985-இல் சார்லஸ் புரூஸ், மைக்கேல் கோல்ட்பெர்க் இருவரும் இந்தப் பகுதியை வரையறுக்க ஒரு அளவுகோல் வைத்தார்கள்: 50 மைக்ரோஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தில் கண் தாவ வேண்டும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இங்கே உள்ள நியூரான்களில், அதாவது நரம்புச் செல்களில், ஒரு பகுதி கண் அசைவுக்கு முன் துடிக்கிறது, ஒரு பகுதி காட்சி தோன்றியதும் துடிக்கிறது, மற்றவை இரண்டையும் செய்கின்றன. வெறும் தசைக்கட்டளை மையத்தில் காட்சிக்குத் துடிக்கும் செல்கள் இருக்கக் காரணமே இல்லை.

அது பார்வையை மாற்றுகிறது என்பதற்கு நேரடி ஆதாரம் என்ன?

இந்தத் துறையின் மிக அழகான சோதனை இதுதான் என்பது எங்கள் கருத்து. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கவனத்துக்கும் முன்மடலுக்கும் தொடர்பு உண்டு என்று மூளைப் படங்களை வைத்துச் சொல்வது எளிது. ஆனால் இரண்டு இடங்கள் ஒரே நேரத்தில் சுறுசுறுப்பாக இருப்பதால் ஒன்று மற்றொன்றை இயக்குகிறது என்று ஆகிவிடாது. காரணத்தை நிறுவ, ஒன்றைத் தூண்டி மற்றொன்றில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். டிரின் மூர் குழுவினர் 2001 முதல் 2004 வரை அதைச் செய்தார்கள்.

முதல் படி, குரங்கின் எஃப்.இ.எஃப். பகுதியில் ஓர் இடத்தைத் தூண்டி, கண் எந்த இடத்துக்குத் தாவுகிறது என்று குறித்துக்கொள்வது. இரண்டாவது படி, கண் தாவாத அளவுக்கு மின்னோட்டத்தைக் குறைப்பது. மூன்றாவது படி, குரங்கு நடுப்புள்ளியை விட்டுக் கண் எடுக்காமல் இருக்க, முன்பு கண் தாவிய அதே இடத்தில் உள்ள விளக்கின் ஒளியை லேசாக மங்கவைப்பது. தூண்டல் இருக்கும்போது குரங்கு இன்னும் சிறிய மங்கலைக்கூடக் கண்டுபிடித்தது. விளக்கு வேறு இடத்தில் இருந்தால் இந்தப் பலன் இல்லை.

மூரும் கேத்ரின் ஆம்ஸ்ட்ராங்கும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் வி4 நியூரான் ஒன்றில் மின்முனையை வைத்து, எஃப்.இ.எஃப்.-ஐ அதே மெல்லிய அளவில் தூண்டினார்கள். இரண்டும் காட்சிவெளியின் ஒரே இடத்துக்கு உரியவையாக இருந்தால் வி4-இன் துடிப்பு உயர்ந்தது. அந்த இடத்தில் காட்சி எதுவும் இல்லாதபோது உயரவில்லை. அந்த நியூரானுக்குப் பிடித்த காட்சி இருந்தால் அதிகமாக உயர்ந்தது, பக்கத்தில் போட்டிக்கு இன்னொரு காட்சி இருந்தால் இன்னும் அதிகமாக. முன்மடல் இல்லாத ஒன்றைப் படைப்பதில்லை, வந்திருப்பதில் ஒன்றைத் தூக்கிவிடுகிறது என்பது இங்கே கண்கூடாகத் தெரிகிறது.

குரங்குகள் சரி. மனிதர்களில்?

ஆரோக்கியமான மனிதரின் மூளையில் ஆய்வுக்காக மின்முனை செருகிப் பார்க்க முடியாது. தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்துத் துடிப்பு கொடுக்கும் டி.எம்.எஸ். முறை உண்டு. 2006-இல் கிறிஸ்டியன் ரஃப் குழுவினர், மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள்ளேயே வலப்பக்க எஃப்.இ.எஃப்.-ஐ இப்படித் தூண்டினார்கள். வி1 முதல் வி4 வரை, காட்சியின் ஓரத்தைக் கையாளும் பகுதிகளின் செயல்பாடு கூடியது, நடுவைக் கையாளும் பகுதிகளில் குறைந்தது. அதே தூண்டலைக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் கோடுகளாலான ஓர் உரு, நடுவில் ஒன்று என்று காட்டி எது அழுத்தமாகத் தெரிகிறது என்று கேட்டபோது, ஓரத்தில் இருப்பது வழக்கத்தைவிட அழுத்தமாகத் தெரிந்தது.

நேரம் இங்கே மிக முக்கியம். ஜேசின்டா ஓ'ஷே குழுவினர் 2004-இல், தேடல் காட்சி தோன்றிய 40 முதல் 80 மில்லிநொடிக்குள் வலப்பக்க எஃப்.இ.எஃப்.-இல் துடிப்பு கொடுத்தால்தான் இலக்கைக் கண்டறியும் திறன் குறைகிறது என்று காட்டினார்கள். இந்த வகைச் சோதனைகள் சொதப்புவது பெரும்பாலும் சுருளை வைக்கும் இடத்தில்தான். மண்டையோட்டுக்கு வெளியே சென்டிமீட்டர் கணக்கில் நகர்ந்தாலே வேறு பகுதி தூண்டப்படும். சுருள் எழுப்பும் டிக் சத்தமும், நெற்றித் தசை துடிப்பதும் தாமே கவனத்தைக் கலைக்கும். ஆகவே உச்சந்தலை போன்ற வேறோர் இடத்தில் ஒப்பீட்டுத் தூண்டல் கொடுக்காத ஆய்வை நம்பிவிட வேண்டாம்.

பின்னாலிருந்து முன்னால் போய்த் திரும்பி வருவதற்குள் காட்சியே முடிந்துவிடாதா?

வி1, வி2, வி4 என்று படிப்படியாக ஏறி, கடைசியில்தான் முன்மடலுக்குத் தகவல் போகிறது என்று நினைப்பதால் வரும் சந்தேகம் இது. 1998-இல் மேத்யூ ஷ்மோலெஸ்கி குழுவினர் மயக்கத்தில் இருந்த குரங்குகளில் ஒவ்வொரு பகுதியும் எப்போது துடிக்கத் தொடங்குகிறது என்று அளந்தார்கள். சராசரியாக வி1 66 மில்லிநொடி, எஃப்.இ.எஃப். 75, வி4 104. அதாவது வி4 விழிப்பதற்கு முன்பே முன்மடலுக்குச் செய்தி போய்விடுகிறது. அசைவைக் கையாளும் வேகமான பாதை இதற்கு உதவுகிறது.

இன்னொரு கணக்கு 2009-இல் கிடைத்தது. ஜார்ஜியா கிரெகோரியு, ராபர்ட் டெசிமோன் குழுவினர், குரங்கு ஓர் இடத்தைக் கவனிக்கும்போது எஃப்.இ.எஃப்.-உம் வி4-உம் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் அலைகளில் ஒத்திசைவதைப் பதிவு செய்தார்கள். இரண்டுக்கும் இடையே 8 முதல் 13 மில்லிநொடி இடைவெளி. ஒரு முனையிலிருந்து புறப்பட்ட துடிப்பு மறுமுனையை எட்டிப் பலன் தர எடுக்கும் நேரம் அது. மேலும், எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் காட்சி வருவதற்கு முன்பே முன்மடல் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

கவனம் வைத்தால் வி4-இல் என்னதான் மாறுகிறது?

துடிப்பு உயர்வது ஒரு பாதி மட்டுமே. அருகருகே உள்ள நியூரான்கள் ஒன்றுசேர்ந்து காரணமின்றி ஏறி இறங்கும் பழக்கம் உடையவை. அப்படிச் சேர்ந்து ஆடினால் ஆயிரம் நியூரான்களைச் சராசரி எடுத்தாலும் இரைச்சல் போகாது. கவனம் வைத்த இடத்தில் இந்தச் சேர்ந்தாட்டம் குறைகிறது. மார்லீன் கோஹென், ஜான் மான்செல் 2009-இல் போட்ட கணக்குப்படி, கவனத்தால் வி4 நியூரான் கூட்டத்துக்குக் கிடைக்கும் தெளிவில் 80 சதவீதத்துக்கும் மேல் இதனால்தான் வருகிறது.

வேதிப்பொருளுக்கும் பங்கு உண்டு. 2011-இல் பெஹ்ராத் நுதூஸ்ட், மூர் இருவரும் எஃப்.இ.எஃப்.-இல், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமினின் டி1 ஏற்பியைத் தடுக்கும் மருந்தைச் சிறிதளவு செலுத்தினார்கள். தொலைவில் உள்ள வி4-இன் துடிப்பு கவனம் வைத்ததுபோலவே உயர்ந்தது. கவனக் குறைபாட்டுக்குத் தரும் மருந்துகள் ஏன் டோபமினைத் தொடுகின்றன என்று யோசிப்பவர்களுக்கு இது நல்ல தொடக்கப்புள்ளி. ஆனால் ஒரு பகுதியில் மட்டும் செலுத்திய மருந்தும் வாய்வழி மாத்திரையும் ஒன்றல்ல.

இடம் தெரியாது, பொருள் மட்டும் தெரியும். கூட்டத்தில் சிவப்புச் சேலையைத் தேடுவது போல. அப்போதும் இதே வழியா?

வழி கொஞ்சம் மாறுகிறது. நிறம், உருவம் போன்ற அடையாளத்தைத் தாங்கிப் பிடிப்பது வேறு பகுதி. குரங்கில் எஃப்.இ.எஃப்.-க்கு முன்னால் கீழ்ப்புறம் உள்ள சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தால் இன்ன உருவத்தைத் தேடும் வேலை கெடுகிறது, இடத்தைக் கவனிக்கும் வேலை கெடுவதில்லை. நார்சீஸ் பிஷோவும் டெசிமோனும் இதை 2015-இல் வெளியிட்டார்கள்.

மனிதர்களில் டேனியல் பால்டாஃப், டெசிமோன் 2014-இல் முகப்படத்தையும் வீட்டுப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில் காட்டினார்கள். முகத்தைக் கவனி என்றால் கீழ் முன்மடல் சந்திப்பு முகப்பகுதியோடு ஒத்திசைந்தது, வீட்டைக் கவனி என்றால் இடங்களைக் கையாளும் பகுதியோடு. முன்மடல் சுமார் 20 மில்லிநொடி முந்தி இருந்தது. விழித்திரையில் படம் ஒன்றே. மாறியது கேட்கப்பட்டது மட்டும்.

முழுதாகப் பார்ப்பதற்கு முன்பே மூளை ஊகித்துவிடுகிறது என்கிறார்களே?

மோஷே பார் முன்வைத்த விளக்கம் அது. மங்கலான பெருவடிவம் வேகமான பாதையில் கண்குழிக்கு மேலுள்ள முன்மடல் பகுதிக்குப் போகிறது, குடையாகவோ விளக்காகவோ இருக்கலாம் என்ற குறுகிய பட்டியல் அங்கிருந்து திரும்பி வருகிறது. 2006-இல் அவர் குழு வெளியிட்ட அளவீட்டில் அந்தப் பகுதி, பொருளை அடையாளம் காணும் பகுதியைவிடச் சுமார் 50 மில்லிநொடி முந்தியது. எளிதில் தெரியும் படங்களுக்கு இந்த உதவி அவ்வளவு தேவையில்லை. அரைகுறை வெளிச்சம், பாதி மறைந்த பொருள் ஆகியவற்றில்தான் இது கைகொடுக்கும்.

கண் இவ்வளவு தாவுகிறதே, உலகம் ஏன் ஆடுவதில்லை?

ஒரு கண்ணை மூடி, திறந்த கண்ணின் வெளியோரத்தை இமையின் மேலேயே விரலால் மிக மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். உலகம் நகரும். கண்ணில் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் இதைச் செய்ய வேண்டாம். கண் தானாகத் தாவும்போது, கட்டளையின் நகல் ஒன்று நடுமூளையிலிருந்து தாலமஸ் வழியாக எஃப்.இ.எஃப்.-க்கு வருகிறது. காட்சி எவ்வளவு நகரப்போகிறது என்று அது முன்பே அறிந்துகொள்கிறது. விரல் தள்ளும்போது அந்த நகல் இல்லை. மார்க் சோமர், ராபர்ட் வுர்ட்ஸ் 2006-இல் குரங்கின் தாலமஸில் இந்தப் பாதையை மருந்தால் தடுத்தபோது, எஃப்.இ.எஃப். நியூரான்கள் அடுத்த காட்சிக்கு முன்கூட்டியே தயாராகும் பண்பு வெகுவாகக் குறைந்தது.

கண்ணெதிரே இருப்பது ஏன் தெரியாமல் போகிறது?

தேடும் குறிப்பு எதற்கு அமைக்கப்பட்டிருக்கிறதோ, அதற்குப் பொருந்தாதது போட்டியில் தோற்றுவிடுகிறது. 2013-இல் டிராஃப்டன் ட்ரூ குழுவினர் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. ஸ்கேன்களைக் கொடுத்துப் புற்றுக்கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசி ஸ்கேனில் ஒரு கொரில்லா படத்தை ஒட்டியிருந்தார்கள், வழக்கமான கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண்கள் அந்த இடத்தின் மேலேயே நின்றிருந்தன.

சாலைக்கும் இது பொருந்தும். ஹேண்ட்ஸ்-ஃப்ரீயில் பேசிக்கொண்டு ஓட்டினால் கை ஸ்டீயரிங்கில் இருக்கும், கண் சாலையில் இருக்கும். உரையாடலோ முன்மடலின் கொள்ளளவை எடுத்துக்கொள்ளும். பைக்கைப் பார்க்கவே இல்லை என்று விபத்துக்குப் பின் ஓட்டுநர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது சோதனை உண்டா?

எதிர்த்தாவல் சோதனை எளிது. நரம்பியல் மருத்துவர்களும் செய்வதுதான்.

ஒருவரை உட்காரவைத்து, அவர் முகத்துக்கு நேரே சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி உட்காருங்கள். உங்கள் இரு கைகளையும் உங்கள் முகத்தின் இருபுறமும், ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் விலகி இருக்கும்படி உயர்த்துங்கள். அவர் உங்கள் மூக்கைப் பார்க்கட்டும். முதலில் பத்து முறை, அசையும் விரலைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இருபது முறை, அசையும் விரலைப் பார்க்காமல் மறுகையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கணமேனும் அசைந்த பக்கம் கண் போனால் அது ஒரு தவறு.

ஆரோக்கியமான பெரியவர்களும் ஓரிரு முறை சறுக்குவார்கள், உடனே திருத்திக்கொள்வார்கள். சிறுவர்கள் அதிகம் தவறுவது இயல்பு, அவர்களின் முன்மடல் இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. தவறியதைத் திருத்தாமலே போவதுதான் மருத்துவருக்கு முக்கியமான செய்தி. சோதனை கெடும் வழிகள்: ஒரே தாளத்தில் விரலை அசைப்பது, வலம் இடம் என்று மாற்றி மாற்றிக் காட்டுவது, அவர் கண்ணுக்குப் பதிலாகத் தலையைத் திருப்புவதை அனுமதிப்பது. இதை வைத்து வீட்டில் நோயைத் தீர்மானிக்க முடியாது. தூக்கமின்மையே தவறுகளைக் கூட்டும்.

முன்மடல் சேதமடைந்தால் பார்வை போய்விடுமா?

போகாது. வி1 சேதமடைந்தால் வரும் குருட்டுத்தன்மை இங்கே வராது. ஆனால் பார்வை அப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2000-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கோ பார்செலோ, ராபர்ட் நைட் குழுவினர், ஒருபக்க முன்மடல் சேதமுற்ற நோயாளிகளில், எதிர்ப்பக்கக் காட்சிக்குப் பார்வைப் பகுதிகள் காட்டும் மின்னலை 125 மில்லிநொடியிலேயே குறைந்திருப்பதைக் கண்டார்கள். சேதம் முன்னால், குறை பின்னால்.

பக்கவாதம் திடீரென எஃப்.இ.எஃப்.-ஐத் தாக்கினால் இரு கண்களும் சேதமான பக்கத்தை நோக்கி ஒதுங்கிவிடும். வலமூளையில் அடைப்பு என்றால் கண்கள் வலப்பக்கம் நிற்கும், இடது கையும் காலும் தளரும். வலிப்பின்போது இது தலைகீழ். தூண்டப்பட்ட பக்கத்துக்கு எதிரே கண்கள் திரும்பும். ஒருவர் கண்கள் ஒரே பக்கம் சிக்கி, கை தளர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கண் ஒதுங்கல் பெரும்பாலும் நாட்களில், வாரங்களில் சரியாகும். கண்ணைத் திருப்ப நடுமூளை வழியாகவும் ஒரு பாதை தனியாக இருக்கிறது. பீட்டர் ஷில்லர் குழு 1980-இல் குரங்குகளில் காட்டியதுபோல, எஃப்.இ.எஃப்., நடுமூளையின் அந்தப் பகுதி இரண்டையும் சேர்த்து இழந்தால்தான் கண்தாவல் நிரந்தரமாக முடங்கும்.

நீடிப்பது ஒருபக்கப் புறக்கணிப்பு. வலமூளையின் பக்கவாட்டுப் பகுதிகளில் அடிபட்டால் அதிகம் வரும், வலது முன்மடலில் அடிபட்டாலும் வரும். பாதிப் பார்வை இழந்தவர் தன் குறையை உணர்ந்து தலையைத் திருப்பி ஈடுகட்டப் பழகுவார். புறக்கணிப்பு உள்ளவருக்கு இடப்பக்கம் என்று ஒன்று விடுபட்டதே தெரியாது. கடிகாரம் வரையச் சொன்னால் எண்களை வலப்பாதியில் திணிப்பார். வீட்டார் செய்யக்கூடியவை: படிக்கும் பக்கத்தின் இடது ஓரத்தில் அழுத்தமான சிவப்புப் பட்டை ஒட்டி, அந்தப் பட்டை தெரிந்த பிறகே வரியைத் தொடங்கப் பழக்குவது, சாப்பாட்டு நடுவில் தட்டைத் திருப்பி வைப்பது, இடப்பக்கம் சூடான பாத்திரம் வைக்காமல் இருப்பது. கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொள்வதால் பலனில்லை. அவர் அசட்டையாக இருப்பதில்லை.

அப்படியென்றால் நாம் 'பார்த்ததை உணர்வது' முன்மடலில்தான் நடக்கிறதா?

இதில் இன்னும் உடன்பாடு இல்லை. ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் போன்றவர்கள், தகவல் முன்மடல் உள்ளிட்ட பெரும் வலைப்பின்னலில் பரவினால்தான் அது நனவாகிறது என்கிறார்கள். ஜூலியோ டொனோனி தரப்பு, பின்பகுதியே போதும் என்கிறது. பிரச்சினை சோதனை முறையில் இருக்கிறது: பார்த்ததும் பொத்தானை அழுத்து என்றால், முன்மடலின் செயல்பாடு பார்த்ததற்கா, அழுத்துவதற்கா? 2014-இல் ஸ்டீஃபன் ஃப்ரெஸ்லே குழுவினர் இரு கண்களுக்கும் வெவ்வேறு படம் காட்டி, பொத்தானை எடுத்துவிட்டு, கண்ணசைவையும் கண்பாப்பாவின் அளவையும் வைத்தே உணரப்படும் படம் மாறுவதைக் கண்டுகொண்டபோது முன்மடல் செயல்பாடு பெரிதும் குறைந்தது. ஆனால் குரங்குகளில் பொத்தான் இல்லாமலே முன்மடல் நியூரான்களிலிருந்து எந்தக் காட்சி உணரப்படுகிறது என்று படிக்க முடிந்திருக்கிறது. இரு தரப்பும் முன்கூட்டியே கணிப்பை எழுதிவைத்து, 256 பேரிடம் சேர்ந்து நடத்திய சோதனை 2025-இல் வெளியானது. இரு கொள்கைகளின் முக்கியக் கணிப்புகளில் சில பொய்த்தன. எங்கள் பார்வையில், ஒரு கட்டுரை தீர்வு கிடைத்துவிட்டது என்று சொன்னால் அதில் பொத்தான் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

பயிற்சியால், அல்லது தலையில் மாட்டும் கருவியால், இதை வளர்க்க முடியுமா?

மூளைப் பயிற்சி விளையாட்டுகளில் நீங்கள் பழகும் விளையாட்டில் மதிப்பெண் ஏறும். வண்டி ஓட்டுவதிலோ படிப்பதிலோ அந்த ஏற்றம் அப்படியே வந்து சேர்வதில்லை. நெற்றியில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் வீட்டுக் கருவிகளை வாங்க வேண்டாம் என்போம்: மின்முனை சற்று நகர்ந்தாலும் மின்னோட்டம் பாயும் இடம் மாறும், ஈரப்பதம் சரியில்லாவிட்டால் தோல் எரியும், வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் இல்லாமல் தொடவே கூடாத பொருள் அது.

வேலையின் முறையை மாற்றுவதில் பலன் உண்டு. ஸ்கேன் படிப்பவரோ, துணியில் பழுது பார்ப்பவரோ, கணக்குத் தாளைச் சரிபார்ப்பவரோ, எதிர்பார்த்த ஒன்றைத் தேடி ஒரு சுற்று முடித்ததும், வேறு குறிப்போடு இரண்டாவது சுற்று போக வேண்டும். முதல் சுற்றில் கட்டி என்றால், இரண்டாவதில் எலும்பும் ஓரங்களும். ஒரே குறிப்போடு இருமுறை பார்த்தால் முதல் முறை தவறியதே மறுமுறையும் தவறும்.